கட்டி போல் வேடமிடும் கிருமி

1877-ல் ம்யூனிக் நகரில் ஆட்டோ போலிங்கர் மாடுகளின் தாடைக் கட்டிகளை ஆராய்ந்தார். பலரும் எலும்புப் புற்று என்று நினைத்திருந்த அவை ஒரு கிருமியின் வேலை என்று கண்டார். தாவரவியலாளர் கார்ல் ஹார்ஸ் அக்கிருமியைக் காளான் என எண்ணி 'ஆக்டினோமைசஸ்', அதாவது 'கதிர்க்காளான்' என்று பெயரிட்டார். உண்மையில் அது பாக்டீரியா! 1878-ல் பெர்லின் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் இஸ்ரேல் மனிதர்களிடமும் இந்நோயை விவரித்தார்.

நம் வாயிலேயே வாழும் இவ்வகைக் கிருமி நுரையீரலில் இறங்கிவிட்டால், எக்ஸ்ரேயில் புற்றுநோய் போலவே தெரியும். நெஞ்சைத் திறந்து நுரையீரலின் ஒரு பகுதியை வெட்டியெடுத்த பிறகே உண்மை தெரியவந்த நோயாளிகள் உண்டு. சதைத்துணுக்கில் மஞ்சள் குருணைகளும் இழை இழையான கிருமிகளும் தென்பட்டால் நோய் பிடிபடும். 1940-களில் புழக்கத்துக்கு வந்த பெனிசிலினை மாதக்கணக்கில் கொடுத்தால் பெரும்பாலும் குணமாகும்.

பெயரிலும் ஏமாற்றியது, படத்திலும் ஏமாற்றுகிறது. ஆகவே கத்திக்கு முன்னால் நுண்ணோக்கி!