வேலூருக்குப் போன ஐஸ் பெட்டியும் நாமக்கல் லாரியும்

கொஞ்சம் நீளமான த்ரெட்ங்க. நேரம் இருக்கறப்ப பொறுமையா படிங்க.

எய்ட்ஸ்னு சொன்னா நம்ம கோயமுத்தூர்ப் பக்கம் இன்னமும் குரலைத் தாழ்த்தித்தான் பேசறாங்க. ஆனா இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது டெல்லியிலோ பம்பாயிலோ இல்லை. நம்ம மெட்ராஸில். வருஷம் 1986.

1981-ல் அமெரிக்காவில் இந்த நோய் பற்றிய முதல் அறிக்கை வந்தது. அது வெளிநாட்டுக்காரன் வியாதி, ஒழுக்கமான நம்ம ஊருக்கு வராது என்று இங்கே பலரும் நிம்மதியாக இருந்தார்கள். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி நுண்ணுயிரியல் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமன் அப்படி இருக்கவில்லை. தன் முதுகலை மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலாவிடம் இதையே ஆய்வாகச் செய்யச் சொன்னார்.

எங்கே போய்த் தேடுவது? நிர்மலா அரசு பொது மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவில் பெண்களிடம் பேச்சுக் கொடுத்தார். பாலியல் தொழிலில் பிடிபட்டவர்களை அரசு காப்பகத்தில் அடைத்து வைப்பது தெரிந்தது. அங்கேயே போனார். கையுறை இல்லை, பெரிய வசதி ஒன்றும் இல்லை. மூன்று மாதத்தில் சுமார் 80 பேரிடம் ரத்தம் எடுத்தார். சீரத்தைப் பிரித்து, வேறு இடம் இல்லாததால் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தார்!

மெட்ராஸில் பரிசோதிக்க வழியில்லை. ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு கணவரோடு ராத்திரி ரயிலில் காட்பாடி போய், வேலூர் சி.எம்.சி.யில் கொடுத்தார்.

அங்கே செய்தது எலைசா டெஸ்ட். கிருமி உள்ளே வந்தால் உடம்பு அதை எதிர்த்து ஆன்டிபாடி தயாரிக்கும். அது ரத்தத்தில் இருந்தால் கரைசல் நிறம் மாறும். ஆறு மாதிரிகள் மஞ்சளாகின. அமெரிக்காவில் இன்னொரு முறை பரிசோதித்து உறுதி செய்தார்கள். அன்றைய சுகாதார அமைச்சர் எச்.வி.ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார்.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க. எந்தக் கட்டுரையைப் பார்த்தாலும் 'மகத்தான கண்டுபிடிப்பு' என்று முடித்துவிடுவார்கள். மகத்தானதுதான், மறுக்கவில்லை. ஆனா அந்தப் பெண்களுக்கு எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்றே தெரியாது. அடுத்து வந்த வருஷங்களில் கட்டாயமாகப் பரிசோதித்து, பாசிட்டிவ் வந்தவர்களைத் தண்டனைக்காலம் முடிந்தும் வெளியே விடாமல் வைத்திருந்தார்கள். பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் வழக்குப் போட்டு, 1990-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் விடுதலை. கோவாவில் 1989-ல் ரத்ததானம் செய்த டொமினிக் டிசூசா என்ற இளைஞரைப் போலீஸ் வந்து கூட்டிப்போய் 64 நாள் அடைத்து வைத்தது. டெஸ்ட் எடுத்தால் பூட்டி வைப்பார்கள் என்றால் எவன் டெஸ்ட் எடுக்க வருவான்? அன்னைக்கு விதைச்ச பயத்தைத்தான் இன்னமும் அறுத்துக்கிட்டு இருக்கோம்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு. லாரி, டேங்கர், ரிக் வண்டி. வீட்டை விட்டுக் கிளம்பினால் திரும்ப வாரக்கணக்கு, சில நேரம் மாசக்கணக்கு. நாடு முழுக்க நெடுஞ்சாலை ஓரங்களில் கிருமி பரவியபோது, அதிக பாதிப்புள்ள மாவட்டங்களின் பட்டியலில் நாமக்கல்லும் வந்தது. பிறப்புறுப்பில் புண்ணோ வேறு பால்வினை நோயோ வைத்தியம் பார்க்காமல் இருந்தால் எச்.ஐ.வி. இன்னும் சுலபமாகத் தொற்றும். வண்டியை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்க டிரைவருக்கு ஏது நேரம்?

ஆனா டிரைவர்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏத்தறது எனக்கு உடன்பாடில்லைங்க. அவங்க ஓட்டலைன்னா நாமக்கல் முட்டை எங்கேயும் போய்ச் சேராது.

இதில் விலை கொடுத்தது வீட்டில் இருந்த பெண்கள். கர்ப்பத்துக்கு ரத்தம் எடுக்கும்போதுதான் பலருக்கும் விஷயமே தெரிய வந்தது. நாமக்கல் பகுதியைச் சேர்ந்த பி.கௌசல்யா, லாரி ஓட்டுநரை மணந்தவர். கல்யாணமான சில வாரங்களிலேயே தனக்குத் தொற்று இருப்பது தெரிந்தது. அவர் ஒளிந்துகொள்ளவில்லை. முகத்தைக் காட்டி, பேரைச் சொல்லி வெளியே பேசினார். 1998-ல் இன்னும் சில பெண்களோடு சேர்ந்து சென்னையில் பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்கைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் இது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று உங்க அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க.

புள்ளிராஜா விளம்பரம் ஞாபகம் இருக்கா? 2000-களின் தொடக்கத்தில் சுவருக்குச் சுவர் இருந்ததே! சிரித்தோம், கிண்டல் செய்தோம், ஆணுறை பற்றி டீக்கடையில் பேசவும் ஆரம்பித்தோம்.

மருந்து கதை தனி. 1996 வாக்கில் கூட்டு மருந்து சிகிச்சை வந்துவிட்டது. ஆனால் ஒரு ஆளுக்கு ஒரு வருஷத்துக்கு 10,000 டாலருக்கு மேல். 2001-ல் இந்தியாவின் சிப்லா கம்பெனி அதையே 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. 2004 ஏப்ரல் 1 முதல் அரசே இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. முதலில் தொடங்கிய எட்டு மருத்துவமனைகளில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. இப்போ கோவை அரசு மருத்துவமனையிலும், நாமக்கல்லிலும் ஏ.ஆர்.டி. மையம் இருக்கு.

2017 முதல் பாசிட்டிவ் என்றாலே உடனே மாத்திரை. முன்பு மாதிரி எதிர்ப்பு சக்தி குறையும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்குப் போய் அப்படியே இருந்தால், உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றாது. பெரிய ஆய்வுகளில் நிரூபிக்கப்பட்டது. அம்மாவிடமிருந்து குழந்தைக்கு, சிகிச்சை இல்லாவிட்டால் 100-ல் 15 முதல் 45 வரை தொற்றலாம். சிகிச்சை எடுத்தால் 5-க்கும் கீழே.

"டாக்டர், தப்பு பண்ணி நாலு நாள் ஆச்சு, டெஸ்ட் நெகட்டிவ், நிம்மதியா இருக்கலாமா?" அடிக்கடி வர்ற கேள்வி. இருக்க முடியாதுங்க. மேலே சொன்ன ஆன்டிபாடி உருவாக நாளாகும். பழைய வகை டெஸ்ட்டுக்கு 90 நாள், ஆன்டிஜெனையும் சேர்த்துப் பார்க்கும் புதிய வகைக்கு சுமார் 45 நாள் கழித்து வரும் நெகட்டிவ்தான் நம்பகமானது. அதுவரை ஆணுறை போடுங்க, ரத்ததானம் செய்யாதீங்க. 72 மணி நேரத்துக்குள் வந்தால் தடுப்பு மாத்திரை இருக்கு. 28 நாள் சாப்பிடணும். சீக்கிரம் வர வர நல்லது.

டெஸ்ட் எங்கே? அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' என்று போர்டு இருக்கும். இலவசம். ஒருத்தர் உட்கார்ந்து பேசி, உங்க சம்மதம் வாங்கித்தான் ரத்தம் எடுப்பார். 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த சட்டப்படி, சம்மதம் இல்லாம டெஸ்ட் செய்யக்கூடாது, ரிசல்ட்டை வெளியே சொல்லக்கூடாது, அதைக் காட்டி வேலையை விட்டு நிறுத்தக்கூடாது. ஆபரேஷனுக்கு முன்னாடி சத்தமில்லாமல் பட்டியலில் சேர்த்து எடுக்கிற ஆஸ்பத்திரிகளுக்கும் இது பொருந்தும்.

நேரில் போகத் தயக்கமா இருந்தா 1097-க்கு போன் போடுங்க. காசு கிடையாது. பேர் சொல்ல வேண்டாம். தமிழ்லயே பேசலாம்.