திம்பு நகரச் சுற்றுலா

திம்பு, இமயமலை நாடான பூட்டானின் தலைநகரமும் அந்நாட்டின் மிகப்பெரிய நகரமும் ஆகும். இது வாங் ஆற்றின் பள்ளத்தாக்கில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. 2017 ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி இதன் மக்கள்தொகை 114,551 ஆகும். மூன்றாவது மன்னர் ஜிக்மே டோர்ஜி வாங்சுக் காலத்தில், 1961 ஆம் ஆண்டு, புனாக்காவுக்குப் பதிலாக திம்பு தலைநகராக அறிவிக்கப்பட்டது.

சென்றடைதல்

திம்புவில் வானூர்தி நிலையம் இல்லை. ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில் உள்ள பாரோ நிலையத்தில் இறங்கி, சாலை வழியாக வரவேண்டும். பாரோவைச் சுற்றிலும் உயர்ந்த மலைகள் இருப்பதால் வானோடிகள் நிலப்பரப்பைக் கண்ணால் பார்த்தே வானூர்தியை இறக்குகின்றனர். மேற்கு வங்காளத்தின் ஜெய்கானை ஒட்டியுள்ள புன்ட்சோலிங் நகரிலிருந்தும் மலைச்சாலை உண்டு. இந்தியக் குடிமக்களுக்கு நுழைவிசைவு தேவையில்லை. கடவுச்சீட்டு அல்லது வாக்காளர் அடையாள அட்டையைக் காட்டி அனுமதி பெறவேண்டும். பூட்டானின் நாணயமான நுல்ட்ரம் இந்திய ரூபாய்க்கு இணையான மதிப்புடையது.

சுற்றுலாக் கட்டணம்

1974 இல் வெளிநாட்டுப் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது முதல், குறைந்த எண்ணிக்கையிலான பயணிகளிடமிருந்து கூடிய வருவாய் பெறுவதே பூட்டானின் கொள்கையாக இருந்து வருகிறது. எனினும் 2019 இல், ஏறத்தாழ 7.3 இலட்சம் மக்களே வாழும் இந்நாட்டிற்கு 3 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வந்தனர். கோவிட் பெருந்தொற்றுக்குப் பின் செப்டம்பர் 2022 இல் எல்லைகள் மீண்டும் திறக்கப்பட்டபோது, ஓர் இரவுக்கான வளங்குன்றா வளர்ச்சிக் கட்டணம் 65 அமெரிக்க டாலரிலிருந்து 200 டாலராக உயர்த்தப்பட்டது. அதுவரை இக்கட்டணம் செலுத்தாத இந்தியர்களுக்கு 1,200 ரூபாய் விதிக்கப்பட்டது. பயணிகள் வரத்துக் குறைந்து, விடுதிகளும் வழிகாட்டிகளும் பாதிக்கப்பட்டதால், செப்டம்பர் 2023 இல் டாலர் கட்டணம் 100 ஆகக் குறைக்கப்பட்டது. சுற்றுச்சூழலைக் காப்பதா, வேலைவாய்ப்பைப் பெருக்குவதா என்னும் சிக்கல் இதில் வெளிப்படுகிறது.

முக்கிய இடங்கள்

* தாசிச்சோ சோங்: அரச அலுவலகமும் பௌத்த மடமும் ஒருங்கே அமைந்த கோட்டை. அலுவலகங்கள் இயங்குவதால், வார நாட்களில் மாலையிலேயே பார்வையாளர்கள் அனுமதிக்கப்படுகின்றனர். இலையுதிர் காலத்தில் இங்கு செச்சு என்னும் முகமூடி நடனத் திருவிழா நடைபெறுகிறது.
* நினைவுத் தூபி: மூன்றாவது மன்னரின் நினைவாக 1974 இல் கட்டப்பட்டது. மக்கள் இதனை வலமாகச் சுற்றி வழிபடுகின்றனர்.
* புத்தர் டோர்டென்மா: நகரை நோக்கிய குன்றின்மேல் அமைந்துள்ள, 50 மீட்டருக்கும் மேல் உயரமான சிலை.
* மோதித்தாங் காப்பகம்: நாட்டின் தேசிய விலங்கான தாக்கினை இங்கு காணலாம்.
* சாங்லிமிதாங் அரங்கு: இதன் அருகில் தேசிய விளையாட்டான வில்வித்தைப் போட்டிகள் நடைபெறும்.

கவனிக்க வேண்டியவை

நகர மையத்தில் போக்குவரத்து விளக்குகள் இல்லை. காவலர் கைச்சைகையால் வண்டிகளை வழிநடத்துகிறார். கோட்டைகளுக்கும் கோயில்களுக்கும் செல்வோர் கைகால்களை மறைக்கும் ஆடை அணிதல் வேண்டும். கருவறைக்குள் ஒளிப்படம் எடுக்க அனுமதியில்லை. கோடையில் மழை மிகுதி. மலைச்சாலைகளில் மண்சரிவு ஏற்படலாம். எனவே மார்ச் முதல் மே வரையும், செப்டம்பர் பிற்பகுதி முதல் நவம்பர் வரையும் பயணத்திற்கு ஏற்ற காலங்களாகும்.