தந்தையும் மைந்தனும் சென்ற வேட்டை

நேயர்களே, அரசரும் ஆட்சியாளரும் வேட்டைக்குச் சென்ற செய்திகள் வரலாற்றிலே மலிந்து கிடக்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவை கொன்ற விலங்குகளின் தொகையோடு முடிந்துவிடும். ஆனால், ஐக்கிய அமெரிக்காவின் முன்னாட் சனாதிபதி தியோடோர் ரூஸ்வெல்ற் தம் மைந்தன் கேர்மிற்றோடு 1909ஆம் ஆண்டிற் கிழக்காபிரிக்காவுக்கு மேற்கொண்ட பயணம் இருவகையில் நம் சிந்தனைக்கு உரியது. வளர்ந்த மகனை ஒரு தந்தை எவ்வாறு அறிந்துகொண்டார் என்பது ஒன்று. அவ்வறிவுக்கு விலை கொடுத்தவர் யாவர் என்பது மற்றொன்று.

ரூஸ்வெல்ற் 1909 மார்ச் 4ஆம் நாள் பதவியினின்று நீங்கினார். மூன்று வாரங் கழியுமுன், மார்ச் 23ஆம் நாள், கப்பலேறினார். அப்பொழுது அவருக்கு வயது 50. இடக்கண் பார்வையும் இழந்திருந்தார். கேர்மிற்றுக்கு வயது 19. ஹாவாட் பல்கலைக்கழகத்திற் படித்துக்கொண்டிருந்த அவன், படிப்பை இடைநிறுத்தித் தந்தையுடன் புறப்பட்டான். பயணத்தின் நோக்கம் வெறும் பொழுதுபோக்கன்று. ஸ்மித்சோனியன் நிலையத்தின் நூதனசாலைக்கு விலங்கு மாதிரிகளைத் திரட்டும் பொறுப்பு அவர்களிடம் இருந்தது. மூன்று இயற்கையறிஞர்கள் உடன் சென்றனர். செல்வர் அன்ட்ரூ கார்னகி முதலியோர் பொருளுதவி செய்தனர்.

ஏப்ரில் 21ஆம் நாள் மொம்பாசாத் துறைமுகத்தில் இறங்கியவர்கள் புகைவண்டியேறி உள்நாடு சென்றனர். அங்கு அவர்களை எதிர்கொண்ட சுமைகாரர் கூட்டம் இருநூறு பேருக்கு மேற்பட்டது. தோல்களைப் பதப்படுத்துவதற்கென நான்கு தொன் உப்பு கொண்டுசெல்லப்பட்டது. கூடாரமும் உணவும் உப்பும் துப்பாக்கியும் ஆபிரிக்க மக்களின் தலைமேலேயே காடும் மலையும் கடந்தன. வாசித்து மகிழ்வதற்காகப் பன்றித்தோலாற் கட்டிய ஏறத்தாழ அறுபது நூல்களையும் ரூஸ்வெல்ற் எடுத்துச் சென்றார்.

இளமையிற் கேர்மிற் அமைதியானவன். நூல்களிலும் கனவுகளிலும் ஈடுபாடுடையவன். பள்ளி மாணவனாயிருந்த காலத்திலேயே எட்வின் ஆர்லிங்டன் ரொபின்சன் என்னும் கவிஞரின் பாடல்களைத் தந்தைக்கு அறிமுகஞ் செய்தான். அவற்றைச் சுவைத்த சனாதிபதி, வறுமையுற்றிருந்த அக்கவிஞருக்கு 1905ஆம் ஆண்டிற் சுங்கப் பகுதியில் ஒரு பதவி கிடைக்கச் செய்தார். எனினும் நாட்டை ஆளுந் தந்தைக்கும் தொலைவிற் பயிலும் மகனுக்கும் இடையே நெடுநாட் கூட்டுறவுக்கு வாய்ப்பேது? அவ்வாய்ப்பை ஆபிரிக்கா அளித்தது. பயணத்தின் புகைப்படக்காரன் என்ற பொறுப்பைக் கேர்மிற் ஏற்றான். பல நாட்களில் இருவரும் வெவ்வேறு திசைகளிற் சென்று வேட்டையாடினர். சுமைகாரர்கள் தந்தையைப் பெருந்துரை எனவும், மைந்தனை ஒய்யாரத்துரை எனவும் தம் மொழியில் அழைத்தனர்.

கென்யா மலையின் அடர்ந்த காட்டில் நிகழ்ந்தது ஒன்றைக் கூறுவேன். தொரொபோ என்னும் வேட்டுவ இனத்தவர் தடங்காட்ட, ரூஸ்வெல்ற் ஓர் ஆண்யானையைச் சுட்டு வீழ்த்தினார். துப்பாக்கிக் குழல்கள் இரண்டும் வெறுமையாயிருந்த அக்கணத்திலேயே வேறொரு யானை புதரைப் பிளந்துகொண்டு அவரை உரசுமளவு நெருங்கிவிட்டது. அவர் மரமொன்றின் பின் ஒதுங்கி மீண்டும் தோட்டாக்களை இட்டார். அதற்குள் துணைவந்த வேட்டைக்காரர் கனிங்ஹாம் சுட்டு அதனைத் திருப்பினார். தம் உயிருக்கு நேர்ந்த இத்தகைய இடரைப் பொருட்படுத்தாத அதே மனிதர், மகனின் அஞ்சாமையைக் கண்டு நடுங்கினார். கேர்மிற் அளவுமீறித் துணிகின்றான் என்று வீட்டாருக்கு வரைந்த கடிதங்களிற் கவலைப்பட்டார். முன்பு கூச்சமுற்றிருந்த சிறுவன் உறுதிமிக்க ஆடவனாகிவிட்டான் என்ற பெருமிதமும் அக்கடிதங்களிலேயே உண்டு. அச்சமும் பெருமையும் ஒருங்கே நெஞ்சில் இடம்பெறும்போதுதான் பெற்றோர் தம் மக்களை வளர்ந்தவராக ஏற்றுக்கொள்கின்றனர்.

அங்குண்டான பிணைப்பின் வலிமையை 1914ஆம் ஆண்டு மெய்ப்பித்தது. பிரேசில் நாட்டின் அறியப்படாத ஆறொன்றிற் சென்றபோது ரூஸ்வெல்ற் காலிற் புண்ணுற்றுக் காய்ச்சலிற் கிடந்தார். தம்மை விட்டுச் செல்லுமாறு துணைவரை வேண்டினார். கேர்மிற் இணங்கவில்லை. தந்தையை உயிருடன் மீட்டு வந்தான்.

இனி விலையைக் கணக்கிடுவோம். 1910 மார்ச்சு மாதத்திற் கார்ட்டூம் நகரில் முடிவுற்ற அந்த ஆபிரிக்கப் பயணத்திலே இருவரும் சுட்ட விலங்குகள் 512. தந்தை சுட்டவை 296. மைந்தன் சுட்டவை 216. அவற்றுட் சிங்கங்கள் 17, யானைகள் 11, காண்டாமிருகங்கள் 20. நூதனசாலைக்கும் உணவுக்குமாகவே கொன்றோம் என்பது ரூஸ்வெல்ற்றின் வாதம். அது முற்றும் பொய்யன்று. பதினோராயிரத்துக்கு மேற்பட்ட மாதிரிகள் அறிவுலகுக்குக் கிடைத்தன. ஆட்சியிலிருந்தபோது காடுகளையும் விலங்குகளையும் காக்கப் பெரும் நிலப்பரப்புகளை ஒதுக்கியவரும் அவரே. ஆயினும் நைல் நதியின் மேற்குக் கரையிலுள்ள லாடோப் பகுதியில் இருவரும் வீழ்த்திய ஒன்பது வெள்ளைக் காண்டாமிருகங்கள், அரிதென அன்றே அறியப்பட்ட வடபுலத்து இனத்தைச் சேர்ந்தவை.

அவ்வினம் அழிவின் விளிம்புக்கு வந்தமைக்கு அந்த ஒன்பது மட்டும் காரணமல்ல. பிற்காலத்திற் கொம்புக்காகத் திருட்டு வேட்டையாடியவர்களும் உள்நாட்டுப் போர்களுமே பெருங்காரணம். கென்யா 1977ஆம் ஆண்டில் வேட்டையை முற்றாகத் தடைசெய்தது. 2009ஆம் ஆண்டிலே, ரூஸ்வெல்ற் மொம்பாசாவில் இறங்கி நூறாண்டு கடந்தபின், செக் நாட்டு விலங்குக்காட்சிச்சாலை ஒன்றிலிருந்து அவ்வினத்தின் நான்கு விலங்குகள் கென்யாவின் ஒல் பெஜெட்டா காப்பகத்துக்குக் கொண்டுவரப்பட்டன. கடைசி ஆணாகிய சூடான் 2018 மார்ச் 19ஆம் நாள் இறந்தது. அதன்பின் எஞ்சியவை நஜின், பாட்டு என்னும் இரு பெண்விலங்குகளே. நஜின் தாய், பாட்டு அதன் மகள். அவற்றை ஆயுதந் தாங்கிய காவலர் இரவும் பகலும் காத்தனர்.

அக்காப்பகம் கென்யா மலையை நோக்கிய சமவெளியில் இருக்கின்றது. ஒரு தந்தையும் மைந்தனும் ஒருவரையொருவர் அறிந்துகொண்ட அந்நாட்டிலேயே, ஒரு தாயும் மகளுமாக ஓர் இனம் முழுதும் சுருங்கிவிட்டது. நேயர்களே, நம் மக்களோடு நாமும் காடும் மலையும் சென்று உறவாட வேண்டியவரே. ஆயினும் அவர்களுக்குப் பின்வருவோர் காண்பதற்கு அங்கு ஏதேனும் எஞ்சியிருக்குமா என்று கேட்டுப் பார்க்கும் கடமையும் நமக்குண்டு.