சாரநாத் சுவர்களில் சப்பானியத் தூரிகை: கோசெட்சு நோசுவின் புத்தர் ஓவியங்கள்

கோசெட்சு நோசு (1885–1973) ஒரு சப்பானிய ஓவியர். ககாவா மாகாணத்தில் பிறந்து, டோக்கியோ நுண்கலைப் பள்ளியில் பயின்றவர். காசியிலிருந்து சுமார் 10 கி.மீ. தொலைவிலுள்ள சாரநாத்தில், மூலகந்தகுடி விகாரையின் உட்சுவர்களில் 1932 முதல் 1936 வரை புத்தரின் வாழ்க்கை வரலாற்றை இவர் ஓவியங்களாகத் தீட்டினார்.

அசந்தாவில் பெற்ற பயிற்சி

நோசுவுக்கு இந்தியா புதிய நாடன்று. 1916-இல் இரவீந்திரநாத் தாகூரின் அழைப்பின்பேரில் கல்கத்தா வந்த ஓவியர் கம்போ அராயுடன் இணைந்து, அசந்தா குகை ஓவியங்களைப் படியெடுக்கும் பணியில் இவரும் ஈடுபட்டார். டோக்கியோவில் வைக்கப்பட்டிருந்த அப்படிகள் 1923-ஆம் ஆண்டு பெரு நிலநடுக்கத்தில் அழிந்துபோயின. தாள்கள் அழிந்தாலும் கை கற்றது அழியவில்லை. சாரநாத் ஓவியங்களில் சப்பானியக் கோட்டின் மென்மையோடு அசந்தாவின் உடலமைப்பும் முகபாவமும் சேர்ந்திருப்பதை இன்றும் காணலாம்.

விகாரையும் தருமபாலரும்

விகாரையை எழுப்பியது மகாபோதி சங்கம். அதன் நிறுவனர் இலங்கையைச் சேர்ந்த அநகாரிக தருமபாலர். 1931 நவம்பரில் விகாரை திறக்கப்பட்டது. ஓவியப் பணி நடந்துகொண்டிருந்தபோதே, 1933 ஏப்ரலில், தருமபாலர் சாரநாத்தில் காலமானார். முற்றுப்பெற்ற சுவர்களைப் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

ஓவியங்களின் பொருள்

லும்பினியில் பிறப்பு, துறவு, சுசாதை பாயசம் அளித்தல், முதல் அறவுரை, பரிநிருவாணம் எனக் கதை சுவர்தோறும் தொடர்கிறது. இவற்றுள் மிகவும் புகழ்பெற்றது மாரனின் சோதனை. மாரன் ஆசையின் தலைவன். தன் படையையும் மகளிரையும் ஏவித் தவத்தைக் குலைக்க முயல்கிறான். அசந்தாவின் 1-ஆம் குகையில் ஓவியமாகவும் 26-ஆம் குகையில் சிற்பமாகவும் இதே காட்சி உள்ளது. நோசு அந்த மரபை அறிந்தே வரைந்தார்.

தெய்விகக் காட்சிகளுக்கு இணையாக மனிதத் துயர்களுக்கும் அவர் இடம் கொடுத்தார். கவனிப்பாரற்றுக் கிடந்த நோயாளித் துறவிக்குப் புத்தரே பணிவிடை செய்கிறார். கொலைஞனான அங்குலிமாலன் திருந்துகிறான். தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண்ணிடம் ஆனந்தர் தண்ணீர் கேட்கிறார். தான் கேட்டது நீரையே, குலத்தை அன்று என்பது அவர் விடை. இதே கதையைத்தான் தாகூர் 1933-இல் 'சண்டாலிகா' நாடகமாக எழுதினார். உரோகிணி ஆற்று நீருக்காகச் சாக்கியரும் கோலியரும் போருக்கு எழ, புத்தர் நடுவே நின்று தடுக்கும் காட்சியும் உண்டு. ஆற்று நீருக்காக அண்டை அயலார் மோதுவது நமக்குத் தெரியாத கதையா?

அந்நியர் வரையலாமா?

இந்தியக் கதையை வெளிநாட்டவர் வரைவது பொருந்துமா என்று மாணவர்கள் கேட்கக்கூடும். பௌத்தம் சப்பானை அடைந்து ஏறத்தாழ 1,500 ஆண்டுகள் ஆகின்றன. அதனுடன் நம் தெய்வங்களும் அங்கே சென்றன. சரசுவதி பென்சைதென் ஆனாள். இந்திரன் தைசாகுதென் ஆனான். பிரமன் போன்தென் ஆனான். விலங்குகளும் அழுது நிற்கும் பரிநிருவாண ஓவியத்தைக் கோயிலில் தொங்கவிட்டு வழிபடுவது அந்நாட்டு வழக்கம். ஆகவே நோசு பிறர் கதையை வரையவில்லை. தம் வீட்டில் கேட்டு வளர்ந்த கதையை, அது பிறந்த மண்ணில் வரைந்தார்.

தமிழருக்கும் இக்கதை தொலைவானதன்று. மணிமேகலை பௌத்தக் காப்பியம். நாகப்பட்டினத்தில் கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஆவடியிலிருந்தோ அம்பத்தூரிலிருந்தோ மின்தொடர் வண்டியேறிப் போய் மாணவர்கள் அவற்றைப் பார்க்கலாம். காசிக்குச் செல்லும் பெரியவர்கள் ஒரு முற்பகலைச் சாரநாத்துக்கு ஒதுக்கினால், நோசுவின் சுவர்களையும் பார்த்து வரலாம்.