நில உரிமை அமைப்பின் நிர்வாக உதவியாளர்: டார்வினிலும் டென்மார்க்கிலும்

பழங்குடி நில உரிமை அமைப்பில் நிர்வாக உதவியாளர் என்பவர் தலைவருக்கும் செயற்குழுவுக்கும் வேண்டிய நிகழ்ச்சி நிரல், பயண ஏற்பாடு, கடிதப் போக்குவரத்து, கூட்டக் குறிப்பு, கோப்பு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்பவர். நம் அலுவலகங்களில் ‘பி.ஏ.’ என்று அழைக்கப்படுபவரின் வேலைதான். ஆனால் இவர் எழுதிவைக்கும் குறிப்பு பல ஆண்டுகள் கழித்து நீதிமன்றத்தில் சான்றாக நிற்கக்கூடும்.

இந்தப் பணியைத் தெளிவாகக் காணக்கூடிய இடம் ஆஸ்திரேலியாவின் வட பிரதேசம். 1976ஆம் ஆண்டு நில உரிமைச் சட்டப்படி அங்கே பழங்குடி நிலம் அறக்கட்டளைகளின் பெயரில் இருக்கிறது. அதை விற்க முடியாது. குத்தகைக்கு விடுவதானால், மரபுவழி உரிமையாளர்கள் விவரமறிந்து சம்மதித்ததை, அதே சட்டப்படி அமைந்த நில மன்றம் உறுதிசெய்ய வேண்டும். யார் வந்தார்கள், என்ன சொல்லப்பட்டது, யார் ஒப்புக்கொண்டார்கள் என்ற பதிவு இல்லாமல் அந்தச் சம்மதத்தை நிறுவுவது கடினம்.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலுள்ள மத்திய நில மன்றத்தில் 90 உறுப்பினர்கள். பாலைவனக் குடியிருப்புகளில் கூட்டம் நடந்தால் வண்டி, கூடாரம், சாப்பாடு, மொழிபெயர்ப்பாளர் எல்லாம் முன்கூட்டியே ஏற்பாடாக வேண்டும். ஊரில் சாவு விழுந்தால் கூட்டம் தள்ளிப்போகும். பல சமூகங்களில் இறந்தவர் பெயரைச் சொல்வதில்லை என்பதால், சுற்றறிக்கையையும் கவனமாக எழுத வேண்டியிருக்கிறது.

கோப்பு எத்தனை காலம் நிலைக்க வேண்டும் என்பதற்குக் கென்பி உரிமைக்கோரல் நல்ல உதாரணம். டார்வின் துறைமுகத்துக்கு எதிரேயுள்ள காக்ஸ் தீபகற்பத்தைக் கோரி 1979இல் மனு போடப்பட்டது. நகரங்களுக்குள் இருக்கும் நிலத்தை 1976 சட்டப்படி கோர முடியாது. மனு வரும் முன்பே பிரதேச அரசு அந்தத் தீபகற்பத்தை டார்வின் நகர எல்லைக்குள் சேர்த்துவிட்டிருந்தது. அதன் உள்நோக்கத்தை விசாரிக்கலாம் என்று 1981இல் உயர் நீதிமன்றம் சொன்னது. பட்டா கைக்கு வந்தது 2016 ஜூனில். 37 ஆண்டுகளில் அதிகாரிகள் மாறினார்கள், முதியவர்கள் பலர் மறைந்தார்கள். வழக்கைத் தாங்கியதில் காகிதங்களுக்கும் பங்குண்டு.

டென்மார்க்கில் இதற்கு இணையானது தூலே வழக்கு. 1951இல் டென்மார்க் அமெரிக்காவோடு செய்த பாதுகாப்பு ஒப்பந்தத்தைத் தொடர்ந்து வடமேற்கு கிரீன்லாந்தின் தூலேயில் விமானத் தளம் எழுந்தது. 1953 மே மாதம் அங்கிருந்த இனுயிட் வேட்டைக் குடும்பங்கள் சில நாள் அவகாசத்தில் வெளியேற்றப்பட்டன. நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் கானாக்கில் குடியமர்த்தப்பட்டன. அவர்களுக்காக ‘ஹிங்கிதாக் 53’ என்ற அமைப்பு வழக்குத் தொடுத்தது. 1999இல் கிழக்கு உயர் நீதிமன்றம் சமூகத்துக்கு 5 லட்சம் குரோனர் வழங்கியது. தனிநபர்களில் வெளியேற்றத்தின்போது 18 வயது நிரம்பியிருந்தவர்களுக்கு 25,000. அதற்குக் குறைந்த, 4 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 15,000. ஒருவரின் பிறந்த தேதியே தொகையைத் தீர்மானித்தது.

2003இல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை ஏற்றது, ஊர் திரும்பும் உரிமையை ஏற்கவில்லை. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2006இல் மனுவைத் தள்ளுபடி செய்தது. மனித உரிமை உடன்படிக்கை நடைமுறைக்கு வந்ததே 1953 செப்டம்பர் 3இல்தான். வெளியேற்றம் அதற்கு முந்தியது. இங்கும் தேதிதான் குறுக்கே நின்றது.

டென்மார்க்கில் இத்தகைய வேலை தேடுபவருக்கு முதலில் நினைவுக்கு வரக்கூடியது வடக்கிலுள்ள ஓல்போர்க்; அது கிரீன்லாந்தின் சரக்கு வாசல். ராயல் ஆர்க்டிக் லைன் நிறுவனத்தின் கப்பல்கள் இங்கிருந்து அந்தத் தீவுக்குப் பொருட்களைக் கொண்டுபோகின்றன. நகரிலுள்ள ‘கிரீன்லாந்து இல்லம்’ அங்கிருந்து வந்தவர்களுக்குக் கல்வி, சமூக நலம், பண்பாடு சார்ந்து உதவுகிறது. நில வழக்கு அதன் வேலை அல்ல. கிரீன்லாந்தில் நிலத்துக்குத் தனியார் உடைமை கிடையாது, பயன்பாட்டு உரிமை மட்டுமே உண்டு. 2009ஆம் ஆண்டுத் தன்னாட்சிச் சட்டத்துக்குப் பிறகு கனிம வளங்களும் தலைநகர் நூக்கிலுள்ள கிரீன்லாந்து அரசின் பொறுப்புக்கு வந்துவிட்டன.

ஆகவே ஓல்போர்க்கில் இருந்துகொண்டு இந்தத் துறையில் வேலை தேடுபவர் பார்க்க வேண்டியது வேறு நகரங்களை. பழங்குடி உரிமைகளுக்கான பன்னாட்டுப் பணிக்குழு 1968இல் தொடங்கப்பட்டு கோபன்ஹேகனிலிருந்து இயங்குகிறது. இனுயிட் வட்டத்துருவ மன்றத்தின் கிரீன்லாந்துக் கிளை நூக்கில் இருக்கிறது.