பாற்கடலும் ஆமையும்: கண்டி வாவியை முன்வைத்து ஒரு நோக்கு

ஆமைக்கும் மனிதனுக்குமுள்ள தொடர்பினை ஆராய்வோர் பெரும்பாலும் புராணத்துடன் தொடங்கிப் புராணத்துடனேயே முடித்துவிடுவர். பண்டைத் தமிழிலக்கியத்தை நோக்குமிடத்து, ஆமை உணவாகவும் காட்சி தருகின்றது. புறநானூற்றின் 212ஆம் பாடலில் வயலில் உழைக்கும் களமர் கள்ளுடன் உண்பது ஆமைப் புழுக்காகும். பின்வந்த திருக்குறளின் 126ஆம் குறளிலோ அதே உயிரினம் புலனடக்கத்திற்கு உவமையாகின்றது. உழைப்பாளியின் உணவு அறவோனின் உவமையானமை வெறும் இலக்கிய மரபு மாற்றமன்று. அதன் பின்னணியிற் சமுதாய மாற்றமொன்று உண்டென நாம் கருதுகின்றோம்.

இலங்கைக்குரிய நன்னீர் ஆமைகள் இருவகைப்படும். சிங்களத்தில் 'கல் இப்பா' எனப்படும் காராமை, தலையையும் கால்களையும் வன்மையான ஓட்டினுள் இழுத்துக்கொள்வது. 'கிரி இப்பா' எனப்படும் பாலாமையோ தோல் போர்த்த ஓட்டினையும், பின்கால்களை மூடும் மடிப்புகளையும் உடையது. இரண்டும் தாவரங்களோடு சிற்றுயிர்களையும் இறந்த உயிர்களின் ஊனையும் தின்று நீர்நிலையைத் துப்புரவு செய்வன. முட்டைகளை மண்ணிற் புதைத்தபின் தாய் அவற்றைப் பேணுவதில்லை. குஞ்சு தாயைக் கண்டே வளர்வதாகக் கூறும் ஐங்குறுநூற்றின் 44ஆம் பாடல், மனித உறவினையே ஆமைமீது ஏற்றிக் காண்கின்றது.

கண்டி வாவியின் கரையில் வெயில் காயும் ஆமைகளை இன்றும் காணலாம். கடைசி மன்னனான ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் 1807ஆம் ஆண்டளவில் தொடங்கி 1812இல் முடித்த இவ்வாவி, வயல் நிலத்தை நீரில் அமிழ்த்தி உருவாக்கப்பட்டதாகும். இதற்குச் சூட்டப்பட்ட 'கிரி முஹூத' என்னும் பெயர் பாற்கடல் எனப் பொருள்படும். புராணத்தின் பாற்கடலில் மந்தர மலையைத் தாங்கியது ஆமை. கடைந்தோர் இரு சாரார். அமுதம் பெற்றோர் ஒரு சாராரே. கண்டியின் பாற்கடலைத் தாங்கியது எது? இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தில் மண் சுமந்த குடியானவரின் முதுகே. எதிர்த்தோர் கொல்லப்பட்டனர் என்ற செய்தியும் வழங்கிவருகின்றது.

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரைப்படி 1830களின் தொடக்கத்தில் இராசகாரியம் பெருமளவு ஒழிக்கப்பட்டது. ஆயின் சுமை ஒழியவில்லை; தோள்களே மாறின. கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்து ஏழைகள் கொண்டுவரப்பட்டனர்.

ஆமையும் இம்மாற்றத்திற்குத் தப்பவில்லை. உணவாகவும் உவமையாகவும் இருந்த அது முதலாளித்துவ உலகிற் பண்டமாயிற்று. இலங்கையின் உலர் வலயத்தில் வாழும் நட்சத்திர ஆமை, ஓட்டின் அழகினாலேயே செல்லப்பிராணிச் சந்தைக்குக் கடத்தப்படுகின்றது. 2019இல் அதன் சர்வதேச வணிகத்திற்கு மிகக் கடுமையான தடை விதிக்க நேர்ந்தமை இதன் விளைவேயாம்.

வாவியின் அழகைப் பாடியோர் பலர். அதனைச் சுமந்தோரின் வரலாறே இனி எழுதப்பட வேண்டியது. பாரம் தாங்கிய ஆமைக்கு அவதாரப் பெருமையேனும் கிடைத்தது. மண் சுமந்த மனிதருக்கோ பெயர்கூட எஞ்சவில்லை.