உடற்சோதனையும் உரிமையும்

போதைப்பொருள் வழக்குகளில் காவலர் நடத்தும் சோதனைக்குச் சட்டம் எவ்வாறு எல்லை வகுத்தது என்பதே இன்றைய பேச்சின் பொருள். நெடுங்காலம் சரித்திரம் போதித்தவன் நான். மன்னர்களின் போர்களைக் காட்டிலும் இத்தகைய சட்டங்களின் வரலாறே உங்கள் வாழ்வுக்கு அண்மையானது என்பது என் துணிபு.

1762-இல் இங்கிலாந்தில் அரசனின் ஏவலர்கள், ஜான் என்டிக் என்னும் எழுத்தாளரின் வீட்டிற் புகுந்து காகிதங்களை வாரிச் சென்றனர். சட்டத்தின் ஆதாரமின்றி அமைச்சரின் ஆணை மட்டும் போதாது என 1765-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் நாட்டிலோ, 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், வீட்டைச் சோதிக்கையில் அவ்வூர்ப் பெரியோர் இருவரேனும் சாட்சியாக நிற்கவேண்டும் என்றது. மகஜர் எழுதும் வழக்கம் இதனை ஒட்டியதே.

1878-ஆம் ஆண்டு அபினிச் சட்டமும், 1930-ஆம் ஆண்டு அபாயகரமான மருந்துகள் சட்டமும் நீங்கி, 1985-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. அது பல குற்றங்களுக்குப் பத்தாண்டுக்குக் குறையாத சிறையை விதித்தது. தண்டனை கடுமையாகவே, பாராளுமன்றம் கடிவாளமும் பூட்டிற்று. கிடைத்த துப்பை அதிகாரி எழுத்தில் பதிந்து மேலதிகாரிக்கு அனுப்பவேண்டும் என்கிறது 42-ஆம் பிரிவு. ஒருவன் கோரினால், மாஜிஸ்திரேட் அல்லது கெஜட் பதிவு பெற்ற அதிகாரியின் முன்னிலையிலேயே அவனது உடலைச் சோதிக்கவேண்டும் என்கிறது 50-ஆம் பிரிவு. பெண்ணைப் பெண்ணே சோதிக்கவேண்டும்.

இவ்வளவு காப்பு எதற்கு? சட்டைப்பையில் அகப்பட்ட ஒரு பொட்டலமே முழு வழக்காகிவிடுகிறது. அதை எடுத்தவரே சாட்சியுமாகிறார். ஆதலின், அவ்வுரிமையை எடுத்துரைப்பது அதிகாரியின் கடமை என்று 1999-இலும், அதனைக் கண்டிப்பாகப் பின்பற்றவேண்டும் என்று 2010-இலும் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வுகள் தீர்ப்பளித்தன. எனினும் இவ்வுரிமை உடலுக்கே உரியது. கைப்பைக்கு இல்லை என்பதையும் மறவாதீர். அதிகாரி பெற்ற வாக்குமூலத்தைக் குற்ற ஒப்புதலாகக் கொள்ளலாகாது என 2020-இல் தீர்ப்பானது நம் தமிழ்நாட்டு வழக்கொன்றிலேயாம்.

இவ்விதிகளால் குற்றவாளி தப்பிவிடானோ எனச் சிலர் வினவுவர். சில வேளை தப்பக்கூடும், அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் விதிப்படி நடக்கும் அதிகாரிக்கு இவை தடையல்ல. அவரது சாட்சியத்துக்கு இவையே வலிமை.

திருப்பூரை எண்ணிப் பாருங்கள். பனியன் கம்பெனிகளை நம்பி ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர் பலர் அங்கே வாழ்கின்றனர். ரயிலை விட்டு இறங்கும் அத்தகைய இளைஞனிடம் அவன் அறியாத தமிழில் உரிமையைச் சொன்னால், அது சொன்னதாகுமா? புரியும்படி சொன்னாலன்றி உரிமை காகிதத்திலேயே நின்றுவிடும். போதைப்பொருளை அறவே வெறுத்து ஒதுக்குங்கள். அதே உறுதியுடன் சட்டத்தின் நேர்மையையும் காத்து நில்லுங்கள்.